ஸ்டீவ் ஏர்லை எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

இசைப் பகுதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கப் பாடலாசிரியரும் பாடகருமான ஸ்டீவ் ஏர்லைப் பற்றிச் சில இதழ்களுக்கு முன் இப்பகுதியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு ஒரு கட்டுக் கடிதங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இம்முறை வேறு எதையும் எடுத்துக்கொள்ளாமல் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கன்ட்ரி, நாட்டுப்புறம், ராக் எல்லாம் கலந்த, அமெரிக்கானா என்று சொல்லப்படும் இசையை ஓராண்டாகக் கேட்டுவருகிறேன். எங்கு திரும்பினாலும் ஸ்டீவ் ஏர்லின் பெயர் அடிபடுகிறது. ஆனால் அவருடைய ஸ்டூடியோ ஆல்பங்களே இருபதைத் தொடுகின்றன. நேரடி நிகழ்ச்சிப் பதிவுகள் தனி. முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டுமா, அல்லது எல்லோரும் சொல்லும் ‘காப்பர்ஹெட் ரோடு’ ஆல்பத்தில் தொடங்கலாமா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம் என்பதே என் யோசனை. 1995 ஆம் ஆண்டு வெளிவந்த ‘ட்ரெய்ன் எ கமின்’ ஆல்பத்தை முதலில் கேளுங்கள். அது அவருடைய ஐந்தாவது ஸ்டூடியோ ஆல்பம். ஐந்தாவதை முதலில் கேட்கச் சொல்வது விசித்திரமாகத் தோன்றும் என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1955 இல் பிறந்த ஏர்ல், டெக்ஸஸ் மாநிலத்தில் சான் அந்தோனியோ நகரை ஒட்டிய பகுதியில் வளர்ந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்காமலே கிடாரோடு வீட்டைவிட்டுக் கிளம்பியவர், ஹூஸ்டனில் டவுன்ஸ் வான் ஸாண்ட் என்ற பாடலாசிரியரைச் சந்தித்து, அவரையே ஆசானாக வரித்துக்கொண்டார். 19 வயதில் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகருக்குப் போய், இன்னொரு டெக்ஸஸ்காரரான கை கிளார்க்கின் குழுவில் பேஸ் கிடார் வாசித்தார். முதல் ஆல்பமான ‘கிடார் டவுன்’ 1986 இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 31. அதையும் சேர்த்து 1990 வரை நான்கு ஸ்டூடியோ ஆல்பங்கள் வந்தன. அதற்குப் பிறகு ஹெராயின் அவரை முழுவதுமாக விழுங்கியது. சில ஆண்டுகள் புதிய பாடல் எதுவும் வரவில்லை. 1994 இல் சிறைக்குப் போனார். அங்கிருந்து மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் போனார்.

வெளியே வந்து, 40 வயதை எட்டிய கையோடு அவர் பதிவுசெய்த ஆல்பம்தான் ‘ட்ரெய்ன் எ கமின்’. கிடாரும் வேறு பல கம்பி வாத்தியங்களும் வாசிக்கும் நார்மன் பிளேக், புளூகிராஸ் என்ற வேகமான நாட்டுப்புற இசைவகையின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் குழுவில் ஒரு காலத்தில் இருந்த பீட்டர் ரோவன், நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய பேஸுக்கு ராய் ஹஸ்கி என்று மூன்றே பேர் ஏர்லுடன் வாசிக்கிறார்கள். மின் கிடார் இல்லை, டிரம்ஸ் இல்லை. பாடகி எம்மிலூ ஹாரிஸின் குரல் துணைக்கு வந்து போகிறது. மரமும் கம்பியும் மனிதக் குரலும் மட்டுமே இருப்பதால், ஏர்ல் ஒரு பாட்டை எப்படிக் கட்டுகிறார் என்பது எலும்புக்கூடு தெரிவதுபோலத் தெரிகிறது.

எளிமை மட்டும் இருந்தால் இந்த ஆல்பத்தை இவ்வளவு வலியுறுத்தமாட்டேன். இதிலுள்ள பாடல்களில் பல, ஆசான்களைச் சுற்றித் திரிந்த 1970களில், இருபதை ஒட்டிய வயதில் அவர் எழுதிவைத்தவை. ஜார்ஜியாவைச் சேர்ந்த கூலிப்படையினர், புரட்சித் தளபதி பாஞ்சோ வீயா பொன்னாகச் சம்பளம் தருகிறாராம் என்று கேள்விப்பட்டு மெக்ஸிகோவுக்குப் போகும் கதை ஒரு பாட்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கத்தியப் படையில் சேர்ந்துவிட்டு, எதிரியைவிடத் தன் தளபதியையே அதிகம் வெறுக்கும் இளம் சிப்பாயின் புலம்பல் ‘பென் மெக்கல்லக்’. சந்து ஒன்றில் சுற்றிவளைக்கப்பட்ட கொள்ளைக்காரன், கையிருப்புத் தோட்டாக்களை எண்ணிக்கொண்டே கடவுளோடு பேரம் பேசுவது ‘டாம் ஏம்ஸஸ் ப்ரேயர்’. இளைஞன் எழுதிய இந்த வீரதீரக் கதைகளை, சிறையைப் பார்த்துவிட்டு வந்த நடுவயதுக்காரரின் கரகரத்த குரல் பாடுகிறது. எழுதியபோது அவற்றில் இல்லாத ஒரு கனம் பாடும்போது ஏறிவிடுகிறது. ஆக, அவருடைய மிகப் பழைய பாடல்களையும் அவருடைய மறுதொடக்கத்தையும் நீங்கள் ஒரே ஆல்பத்தில் கேட்கிறீர்கள்.

இவற்றுக்கு நடுவில் ‘குட்பை’ என்ற பாடல் இருக்கிறது. போதையிலிருந்து மீண்டதும் எழுதிய முதல் பாடல்களில் ஒன்று. பிரிந்துபோன பெண்ணிடம் தான் விடைபெற்றுக்கொண்டோமா இல்லையா என்பதுகூட நினைவில் இல்லாத ஒருவனின் பாட்டு அது. மன்னிப்புக் கேட்கும் பாடல்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதையே மறந்துபோன வெட்கத்தைப் பாடியது இதற்கு முன் என் காதில் விழுந்ததில்லை. எம்மிலூ ஹாரிஸும் அதே ஆண்டில் இதைத் தம் ‘ரெக்கிங் பால்’ ஆல்பத்தில் பாடினார். இரண்டில் எது மேல் என்று கேட்டு எழுதாதீர்கள். நாளுக்கு ஒரு பதில் சொல்வேன்.

கேள்வி: தொடங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து எதைக் கேட்பது? – திருச்சி வாசகி

பதில்: அடுத்த ஐந்தாண்டுகளை அப்படியே வரிசையாகக் கேளுங்கள். 1996 இல் ‘ஐ ஃபீல் ஆல்ரைட்’, 1997 இல் ‘எல் கொராசோன்’, 1999 இல் ‘தி மவுண்டன்’, 2000 இல் ‘ட்ரான்ஸெண்டென்ட்டல் ப்ளூஸ்’. இழந்த காலத்தைப் பிடித்துவிட வேண்டும் என்ற பசியோடு ஒரு மனிதர் எழுதித் தள்ளிய காலம் இது. இத்தனைக்கும் இடையில் பாடகி லூசிண்டா வில்லியம்ஸின் ‘கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோடு’ ஆல்பத்தின் தயாரிப்பிலும் அவர் பங்கேற்றிருக்கிறார்.

நான்கில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ‘எல் கொராசோன்’. ஸ்பானிய மொழியில் இதயம் என்று பொருள். இந்த ஆல்பம் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சட்டையை மாற்றிக்கொள்கிறது. தொடக்கப் பாடலான ‘கிறிஸ்துமஸ் இன் வாஷிங்டன்’, 1996 தேர்தல் முடிந்த குளிர்காலத்தில், நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரியைத் திரும்பி வருமாறு தனிக் கிடாரோடு மன்றாடி அழைக்கிறது. இன்னொரு பாட்டில் டெல் மெக்கூரியின் புளூகிராஸ் குழு வாசிக்கிறது. வேறொன்றில் சூப்பர்சக்கர்ஸ் என்ற முரட்டு ராக் குழு வந்து இரைச்சலைக் கொட்டுகிறது. ஹூஸ்டன் நகரத் தெரு ஒன்றைப் பற்றிய ‘டெலிஃபோன் ரோடு’ பாடலில் ஃபேர்ஃபீல்ட் ஃபோர் என்ற மூத்த தேவாலயப் பாடகர் குழுவின் குரல்கள் சேர்கின்றன. ‘டேனிடவுன்’ பாடலில், போகக்கூடாத ஊருக்கு ஓர் இரவு போய்விட்ட கறுப்பின இளைஞன், கும்பலிடமிருந்து தப்பக் கத்தியை எடுத்த கதையைத் தானே சொல்கிறான். எம்மிலூவின் குரல் அவன் முதுகுக்குப் பின்னால் நிழல்போல வருகிறது.

கடைசிப் பாடல் ‘ஃபோர்ட் வொர்த் ப்ளூஸ்’. டவுன்ஸ் வான் ஸாண்ட் 1997 புத்தாண்டு நாளன்று காலமானார். ஃபோர்ட் வொர்த் அவர் பிறந்த ஊர். எங்கே போனாலும் நிலைகொள்ளாத ஒரு நண்பனை ஊர் ஊராகப் பெயர் சொல்லி வழியனுப்பும் பாட்டு. இரங்கற்பாடல்களில் பெரும்பாலானவை இறந்தவரைப் பெரிதாக்கிக் காட்டும். இது அவரைக் கால் ஓய்ந்து உட்காரவைக்கிறது.

‘தி மவுண்டன்’ முழுக்க முழுக்க டெல் மெக்கூரி குழுவினரோடு செய்த புளூகிராஸ் ஆல்பம். 1996 இல் மறைந்த பில் மன்றோவுக்கான காணிக்கை. மேண்டலினும் பான்ஜோவும் ஓடும் வேகம் பழகாத காதுக்கு முதலில் மூச்சுமுட்டலாம். தலைப்புப் பாடலை மட்டும் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு முழுமைக்கு வாருங்கள். ‘ட்ரான்ஸெண்டென்ட்டல் ப்ளூஸ்’ ஆல்பத்தில்தான் அயர்லாந்து முழுவதும் பாடப்படும் ‘கால்வே கேர்ள்’ இருக்கிறது. தேடும்போது கவனம் தேவை: அதே பெயரில் எட் ஷீரன் 2017 இல் வெளியிட்டது வேறு பாட்டு.

கேள்வி: நீங்கள் பெயர் சொன்ன உற்சாகத்தில் ‘கிடார் டவுன்’ இசைத்தட்டைத் தேடி வாங்கினேன். டிரம்ஸ் ஒலி என்னைப் பாதியிலேயே எழுப்பிவிட்டது. என் காதில் கோளாறா, பாட்டில் கோளாறா? – சென்னை வாசகர்

பதில்: இரண்டிலும் இல்லை, காலத்தில். அது டிஜிட்டல் முறையில் பதிவான ஆரம்பகால நாஷ்வில் ஆல்பங்களில் ஒன்று. அந்தப் பத்தாண்டின் பளபளப்பு அதன் மேல் அரக்குப்போல ஒட்டியிருக்கிறது. ஆனால் அரக்குக்குக் கீழே இருப்பது நல்ல மரம். பத்தே பாடல்கள், அரைமணிக்குச் சற்றே கூடுதலான நேரம், வீணான பாட்டு என்று ஒன்றையும் சொல்ல முடியாது. ‘ஹில்பில்லி ஹைவே’ என்ற பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்கத் தொழிலாளியான தாத்தா மலையைவிட்டு டெட்ராய்ட் தொழிற்சாலைக்குப் போகிறார். அவர் சேர்த்த காசில் படித்த மகன் ஹூஸ்டன் எண்ணெய் நிறுவனத்துக்குப் போகிறான். பேரன் படிப்பை விட்டுவிட்டுக் கிடாரோடு அதே நெடுஞ்சாலையில் ஏறுகிறான். மூன்று தலைமுறைகளின் இடம்பெயர்வை நான்கு நிமிடங்களுக்குள் சொல்லிவிடுகிறார். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில்தான் இந்த ஆல்பத்தை எழுதத் தொடங்கியதாக ஏர்லே சொல்லியிருக்கிறார். அந்தப் பாதிப்பை மறைக்க அவர் முயலவும் இல்லை.

அதே தட்டில் ‘லிட்டில் ராக் அண்ட் ரோலர்’ என்ற பாடல் இருக்கிறது. சாதாரணமாகக் கடந்துபோய்விடக் கூடியது. ஊர் ஊராகப் பாடித் திரியும் தகப்பன், வீட்டிலிருக்கும் சின்ன மகனிடம் தொலைபேசியில் பேசுவதாக அமைந்தது. அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியின் கடைசியில் அதற்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

கேள்வி: நான் ‘காப்பர்ஹெட் ரோடு’ வழியாகத்தான் இவரிடம் வந்தேன். அதைத் தொடக்கமாக வைக்கக்கூடாது என்பது உயர்தட்டு ரசனை இல்லையா? – மதுரை வாசகர்

பதில்: அந்தக் குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். தலைப்புப் பாடல் மகத்தானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. தாத்தா மலைக்காட்டில் கள்ளச்சாராயம் காய்ச்சினார், அப்பா ஏலத்தில் எடுத்த பழைய போலீஸ் காரில் அதைக் கடத்தினார், வியட்நாம் போருக்குப் போய்வந்த பேரன் அதே நிலத்தில் கஞ்சா பயிரிடுகிறான். போரில் எதிரியிடம் கற்ற பொறிகளை இப்போது அரசாங்க அதிகாரிகளுக்காக வைக்கிறான். ‘ஹில்பில்லி ஹைவே’யின் மூன்று தலைமுறைக் கதையே இங்கே இருட்டுக்குள் திரும்பியிருக்கிறது. இந்தப் பாடலை 2023 இல் டென்னஸி மாநிலம் தன் அதிகாரபூர்வ மாநிலப் பாடல்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

ஆனால் ஆல்பத்தின் முதல் பாதி மட்டுமே அந்த உயரத்தில் நிற்கிறது. அயர்லாந்து மரபில் வந்த த போக்ஸ் குழுவோடு பாடிய ‘ஜானி கம் லேட்லி’ வரை எல்லாமே கூர்மை. அதன்பின் வரும் காதல் பாடல்கள், பெரிய அரங்குகளை நிரப்புவதற்காக ஊதப்பட்டவை. இதில் தொடங்குபவர் ஏர்லை ஒரு ராக் பாடகர் என்று முடிவுகட்டிவிட்டு, ‘தி மவுண்டன்’ வரும்போது குழம்பிப்போகிறார். நீங்கள் குழம்பவில்லை என்றால் மகிழ்ச்சி.

கேள்வி: ஈராக் போர், தாலிபான், அமெரிக்கத் தேர்தல் என்று அரசியல் பாடல்கள் நிறைய எழுதியிருக்கிறார் என்கிறார்கள். அந்த அரசியலை அறியாத நமக்கு அவை எட்டுமா? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: சில எட்டும், சில எட்டா. எது எட்டும் என்பதற்கு என்னிடம் ஓர் அளவுகோல் உண்டு. ஏர்ல் தம் கருத்தைச் சொல்லும் பாடல்கள் சீக்கிரம் பழசாகிவிடுகின்றன. வேறொருவரின் வாயால் பேசும் பாடல்கள் பழசாவதில்லை. 2004 தேர்தலுக்கு முன் வெளிவர வேண்டும் என்ற அவசரத்தில் செய்த ‘தி ரெவல்யூஷன் ஸ்டார்ட்ஸ் நவ்’ முதல் வகை. அதற்கு கிராமி விருது கிடைத்தது உண்மைதான். இன்று கேட்டால் நான்கைந்து பாடல்களுக்கு மேல் உட்கார முடியவில்லை.

அதற்கு முந்தைய ஆல்பமான ‘ஜெருசலேம்’ 2002 இல் வந்தது. அதில் ‘ஜான் வாக்கர்ஸ் ப்ளூஸ்’ என்றொரு பாடல். தாலிபான்களோடு சேர்ந்திருந்து 2001 இறுதியில் ஆப்கானிஸ்தானில் பிடிபட்ட அமெரிக்க இளைஞன் ஜான் வாக்கர் லிண்ட், தன் கதையைத் தானே சொல்வதாக எழுதப்பட்டது. இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே பாட்டைப் பற்றிய கூச்சல் தொடங்கிவிட்டது. பாட்டு அவனை நியாயப்படுத்தவில்லை. அந்த வயதில் தமக்கும் ஒரு மகன் இருக்கிறான் என்ற கவலையோடு ஒரு தகப்பன் அவனைப் பார்ப்பதுதான் அதில் இருக்கிறது.

இந்த வகையில் அவருடைய ஆகச் சிறந்த சாதனை மரண தண்டனையைப் பற்றிய மூன்று பாடல்கள். மூன்றும் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. 1990 இல் வெளிவந்த ‘தி ஹார்ட் வே’ ஆல்பத்தில் உள்ள ‘பில்லி ஆஸ்டின்’ பாடலில், கொலைக் குற்றவாளி ஒருவன் தன் பெயரையும் வயதையும் சொல்லிப் பேச்சைத் தொடங்குகிறான். ‘டெட் மேன் வாக்கிங்’ திரைப்படத்துக்காக எழுதிய ‘எல்லிஸ் யூனிட் ஒன்’ பாடலில், டெக்ஸஸ் சிறையின் மரண தண்டனைப் பிரிவில் வேலை பார்க்கும் காவலர் பேசுகிறார். மூன்றாவது, ‘ட்ரான்ஸெண்டென்ட்டல் ப்ளூஸ்’ ஆல்பத்தின் இறுதியிலுள்ள ‘ஓவர் யாண்டர்’. ஏர்லோடு பல ஆண்டுகள் கடிதத் தொடர்பில் இருந்த ஜோனதன் நோபிள்ஸ் என்ற கைதிக்கு 1998 இல் தண்டனை நிறைவேற்றப்பட்டபோது, அவர் கேட்டுக்கொண்டபடி ஏர்ல் சாட்சிக் கண்ணாடிக்கு இப்புறம் நின்றார். அந்தக் கைதியின் குரலில் எழுதப்பட்ட பாடலில் கோபம் ஒரு துளியும் இல்லை. தன் சில்லறைப் பொருள்களை யார் யாருக்குக் கொடுப்பது என்று ஒருவர் நிதானமாகப் பிரித்துக்கொடுக்கிறார். மூன்றையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அமெரிக்க அரசியல் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பிற்காலத்தில் இதே திறமை முழு ஆல்பமாக விரிந்தது ‘கோஸ்ட்ஸ் ஆஃப் வெஸ்ட் வர்ஜீனியா’வில். 2010 ஏப்ரல் 5 அன்று மேற்கு வர்ஜீனியாவின் அப்பர் பிக் பிராஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்த வெடிவிபத்தில் 29 தொழிலாளர்கள் இறந்தனர். உயிர் தப்பியவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் சொன்னவற்றைக் கொண்டு அமைந்த ‘கோல் கன்ட்ரி’ நாடகத்துக்காக ஏர்ல் எழுதிய பாடல்கள் 2020 இல் இந்த ஆல்பத்துக்குள் வந்தன. தம்மிடமிருந்து மாறுபட்டு வாக்களித்த மக்களிடமும் பேசும் ஆல்பமாக இது இருக்க வேண்டும் என்று விரும்பியதாக அவர் சொன்னார். ‘இட்ஸ் அபவுட் பிளட்’ பாடலின் முடிவில் இறந்த 29 பேரின் பெயர்களையும் ஒவ்வொன்றாக உரக்கச் சொல்கிறார். பாட்டு அந்த இடத்தில் நின்றுபோய் வருகைப் பதிவேடு ஆகிவிடுகிறது. ஆஜர் சொல்ல யாரும் இல்லாத வருகைப் பதிவேடு. 2004 இன் கோஷங்களுக்கும் இதற்கும் இடையே உள்ள தொலைவு, பேசுவதற்கும் கேட்பதற்கும் உள்ள தொலைவு.

கேள்வி: அவருடைய உச்சரிப்பு எனக்குப் பிடிபடவில்லை. பாதி வார்த்தைகளை விழுங்கிவிடுகிறார். – ஈரோடு வாசகி

பதில்: விழுங்குகிறார் என்பது உண்மை, வயது ஏற ஏற இன்னும் அதிகமாக விழுங்குகிறார். முதல் சில முறை பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஊர்ப்பெயர்களையும் ஆள்பெயர்களையும் பிடித்துக்கொண்டால் கதை தானாக அவிழும். ‘தி வயர்’ தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவராக இருந்தால் உங்களுக்கு அந்தக் குரல் முன்பே பழக்கம்: போதையிலிருந்து மீண்டு பிறருக்குக் கைகொடுக்கும் வாலன் என்ற பாத்திரமாக நடித்தவர் அவர்தான். ஐந்தாம் பருவத்தின் முகப்புப் பாடலைப் பாடியவரும் அவரே.

கேள்வி: இவ்வளவு அலைவதற்கு ஒரு தேர்ந்தெடுத்த தொகுப்பையோ நேரடி நிகழ்ச்சிப் பதிவையோ கேட்டால் போதாதா? – சேலம் வாசகர்

பதில்: முதல் நிறுவனம் வெளியிட்ட தொகுப்புகள் 1990 ஐ ஒட்டி நின்றுவிடுகின்றன, நான் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி அவற்றில் இருக்காது. நேரடிப் பதிவு வேண்டுமென்றால் 2024 இல் வந்த ‘அலோன் அகெய்ன்’ இருக்கிறது. கிடாரோடு தனியாக நின்று பழைய பாடல்களைப் பாடுகிறார். எல்லாம் கேட்டு முடித்தவருக்கு அது நல்ல விருந்து. முதல் சந்திப்புக்கு ஏற்றதல்ல, ஏனெனில் அரங்கில் இருப்பவர்கள் எதற்குக் கைதட்டுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: அவர் பிறருடைய பாடல்களைப் பாடிய ஆல்பங்கள் நான்கு இருக்கின்றன என்றும், அவற்றில் ‘டவுன்ஸ்’ கிராமி விருது பெற்றது என்றும் அறிந்தேன். விருது பெற்றதிலிருந்து தொடங்கினால் தவறா? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: தவறில்லை, வீட்டுக்காரரைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருக்கும் படங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதுபோல ஆகிவிடும். 2009 இல் வந்த ‘டவுன்ஸ்’, 2019 இல் வந்த ‘கை’, 2021 இல் வந்த ‘ஜே.டி.’, 2022 இல் வந்த ‘ஜெர்ரி ஜெஃப்’ ஆகிய நான்கையும் கடைசிக்கு ஒதுக்கிவையுங்கள்.

‘டவுன்ஸ்’ ஆசானுக்கான கடன். டவுன்ஸ் வான் ஸாண்ட்தான் உலகிலேயே சிறந்த பாடலாசிரியர், அதை பாப் டிலனின் வீட்டு மேசைமீது பூட்ஸ் காலோடு ஏறி நின்றுகூடச் சொல்வேன் என்று ஏர்ல் ஒருமுறை சொன்னது அமெரிக்கப் பாட்டுலகில் பழமொழிபோல ஆகிவிட்டது. அந்த வெறிகொண்ட சீடர், இந்த ஆல்பத்தில் வியப்புக்குரிய அடக்கத்தோடு பாடுகிறார். ஆயினும் இதைக் கேட்பதற்கு முன் டவுன்ஸ் 1973 இல் ஹூஸ்டனின் சிறிய மதுக்கூடம் ஒன்றில் தனியாகப் பாடிய ‘லைவ் அட் தி ஓல்ட் குவார்ட்டர்’ பதிவைக் கேட்டுவிடுங்கள். மூலத்தை அறிந்த காதுக்குத்தான் சீடர் எங்கே பணிகிறார், எங்கே விலகுகிறார் என்பது புலப்படும். அதேபோல ‘கை’க்கு முன் கை கிளார்க்கின் ‘ஓல்ட் நம்பர் ஒன்’. 1975 இல் வெளிவந்த அந்த ஆல்பத்தில் பின்னணிக் குரல் கொடுத்தவர்களில் இளைஞர் ஏர்லும் ஒருவர். ‘கை’ எனக்கு ‘டவுன்ஸை’விட அதிகம் பிடிக்கும், அதில் முழுக் குழுவும் ஒரே அறையில் களித்து வாசிப்பது கேட்கிறது. ‘ஜெர்ரி ஜெஃப்’ 2020 இல் மறைந்த பாடலாசிரியர் ஜெர்ரி ஜெஃப் வாக்கரின் பாடல்களைக் கொண்டது. நல்ல ஆல்பம், அவசரம் இல்லை.

‘ஜே.டி.’ தனி. ஏர்ல் தம் மூத்த மகனுக்கு ஆசானின் பெயரை நடுப்பெயராக வைத்தார்: ஜஸ்டின் டவுன்ஸ் ஏர்ல். தகப்பன் சாலையிலும் போதையிலும் தொலைந்திருந்த ஆண்டுகளில் தாயிடம் வளர்ந்த அந்தப் பையன், தானும் பாடலாசிரியன் ஆனான். தானும் போதையோடு போராடினான். ‘சிங்கிள் மதர்ஸ்’, ‘ஆப்ஸென்ட் ஃபாதர்ஸ்’ என்று அடுத்தடுத்து இரண்டு ஆல்பங்களுக்குப் பெயர் வைத்தான் என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 2020 ஆகஸ்ட் மாதம், 38 வயதில், ஃபென்டனில் என்ற வீரியமிக்க வலிநிவாரணி கலந்த கொக்கெயினால் அவன் இறந்தான். அவனுடைய பத்துப் பாடல்களைத் தகப்பன் தம் குழுவோடு பாடி, அவனுடைய பிறந்தநாளான 2021 ஜனவரி 4 அன்று வெளியிட்டார்; வருவாய் பேத்தியின் பெயரிலான அறக்கட்டளைக்குப் போகும்படி ஏற்பாடு செய்தார்.

இதற்கு முன் ஜஸ்டினின் ‘ஹார்லெம் ரிவர் ப்ளூஸ்’ ஆல்பத்தை அவனுடைய குரலிலேயே கேளுங்கள். மகனின் குரல் நெகிழ்ந்து வளைந்து நடக்கும். அதே பாடல்களைத் தகப்பன் பாடும்போது பாறை உருள்வதுபோல இருக்கும். ஆல்பத்தின் பத்துப் பாடல்களிலும் அவர் அழவில்லை. பெரும்பாலானவற்றைக் குழுவோடு உரக்க, ஏறக்குறைய மகிழ்ச்சியாகவே வாசிக்கிறார்.

பதினோராவது பாடல் மட்டும் அவர் எழுதியது. பெயர் ‘லாஸ்ட் வர்ட்ஸ்’. மகன் இறந்த இரவில் இருவரும் தொலைபேசியில் கடைசியாகப் பேசிக்கொண்டதைச் சொல்வது. நான் முன்பு மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன 1986 ஆம் ஆண்டுப் பாடலையும் இதையும் ஒருமுறை அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் எங்கோ தொலைவிலிருந்து ஒரு தகப்பன் நான்கு வயதுப் பையனிடம் சீக்கிரம் வந்துவிடுவேன் என்ற குரலில் பேசுகிறான். இரண்டாவதில் இரண்டு பேரும் பாட்டுக்காரர்கள்; வைப்பதற்கு முன் ஒருவருக்கொருவர் அன்பைச் சொல்லிக்கொண்டுதான் தொலைபேசியை வைத்திருக்கிறார்கள்.